104-லிருந்து இரண்டு அழைப்புகள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் என் பேரைச் சொல்லிக் கேட்டால், "யாரு, அந்தப் புளுகு மூட்டையா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். எழுபத்திரண்டு வருஷத்தில் நிறையப் புளுகியிருக்கிறேன். திருத்தணி மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தையும் ஓர் ஆடு பின்பக்கமாகவே ஏறியதைப் பார்த்தேன் என்று சொன்னவன் நான்தான். கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ராங் நம்பர் வந்த கதையும் என்னுடையதுதான்.

இது அப்படி இல்லை. இது நடந்தது. கங்காதரன் சாட்சி. கம்ப்யூட்டரில் பதிவு இருக்கிறது. தேதி, மணி, நிமிஷம், நொடி, எல்லாம் இருக்கிறது. நான் பொய் சொல்லுவேன். அது சொல்லாது.

என் பெயர் சடகோபன். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததால் ஊருக்கு நான் 'போன் சார்'. ரிட்டயர் ஆன பிறகு கை சும்மா இருக்கவில்லை. கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் ஆபீஸ் போன் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். பெட்டியாக வாங்கினால் விலை அதிகம். என் வழி வேறு. யாராவது தூக்கிப் போடுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் இணையத்தில் சும்மா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அவ்வளவுதான். ஒரு முழு எக்ஸ்சேஞ்ச் மேஜைக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த நம்பர் வந்தால் எங்கே மணி அடிக்க வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். யார் எப்போது யாரை அழைத்தார்கள் என்று குறித்துவைக்கும். பேச்சையும் பதிவு செய்யும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே இருக்கிற எழுத்து ஒளிவுமறைவு இல்லாதது. திறந்து படிக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். அதுதான் அதன் சட்டம்.

கங்காதரனுக்குப் புடவை வியாபாரம். ஆபீஸ் திருத்தணியில், மலையடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில். விசைத்தறி ஷெட் அம்மையார்குப்பத்தில். ஆபீஸ் போனுக்கு 101 என்று எண் கொடுத்தேன். ஷெட்டுக்கு 104. "வணக்கம், புடவைக்கு ஒன்றை அழுத்தவும்" என்று வருகிற குரலும் என்னுடையதுதான். பெண் குரல் போடலாமே என்றார். என் குரலுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். விளக்கு வைத்த பிறகு வாசலில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் என்ன என்று கேட்பார். அவர் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடுமாம். மூன்றாவது கூப்பிட அதனால் முடியாதாம். மூன்றாவதும் கூப்பிட்டால் அது மனுஷன். நம் பக்கத்தில் பல வீடுகளில் இது உண்டு. கங்காதரன் மட்டும் இதைப் போனுக்கும் வைத்திருந்தார்.

"போன் சார், சாயந்திரம் ஆறரைக்கு மேல மொத ரெண்டு தடவை மணியே அடிக்கக் கூடாது. மூணாவது தடவை வந்தாதான் அடிக்கணும். முடியுமா?"

"ஏன், பேய்ங்க செல்லுல ரெண்டு காலுக்குத்தான் பேலன்ஸ் இருக்குமா?"

"நக்கல் வாணாம் சார். முடியுமா, முடியாதா?"

கடையில் வாங்குகிற பெட்டியில் முடியாது. இதில் முடியும். சிரித்துக்கொண்டே எழுதினேன். பதினோரு வரி. ஒரே எண்ணிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் மூன்றாவது தடவை அழைப்பு வந்தால் மட்டும் மணி அடி. அதற்கு முன்னால் வந்தால் பேசாமல் இரு. வாடிக்கைக்காரர்களுக்கும் பழகிப்போனது. ராத்திரியில் கங்காதரன் வேண்டுமென்றால் மூன்று தடவை அடிப்பார்கள்.

அவரிடம் முருகவேல் என்று ஒருவன் இருந்தான். பகலில் தறி பழுது பார்ப்பான். ராத்திரியில் ஷெட்டிலேயே படுத்துக் காவல். அவன் பெண்சாதி கயல்விழிக்கு திருத்தணி ஆபீசில் போன் எடுக்கிற வேலை. முருகவேல் செல்லில் எப்போதும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். அதனால் அந்தச் செல்லிலேயே ஓர் ஆப் போட்டு, 104-ஐ அதில் ஏற்றிக் கொடுத்தேன். ஷெட்டில் இருக்கிற வைஃபை பெட்டி எட்டுகிற தூரத்துக்குள் நின்றால் போதும், காசில்லாமல் ஆபீசுக்குப் பேசலாம். ஆபீசுக்கு மட்டும். 104-லிருந்து வெளி எண்களுக்குப் பேச நான் வழியே வைக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், அடை மழையில், முருகவேல் காணாமல் போனான்.

பைக்கும் இல்லை. ஷெட் கதவு பூட்டியிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். செல் அணைந்திருக்கிறது என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், நகரிப் பக்கம் வேறு குடும்பம் இருக்கும் என்று ஊரில் பேசினார்கள். கயல்விழி நம்பவில்லை. ஷெட்டுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, தறிகள் நின்றன. கங்காதரன் வைஃபை பெட்டியைக் கழற்றி, ஆபீஸ் மேஜை டிராயரில் கொண்டுவந்து போட்டார். ஷெட்டில் இப்போது மின்சாரமும் இல்லை, ஒயரும் இல்லை.

ஆனால் 104 அழைத்தது.

கயல்விழிதான் முதலில் பார்த்தாள். எந்த எண் பேசுகிறது என்று தெரிய அவள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். சும்மா இருந்தால் பச்சை, அழைத்தால் சிவப்பு. ஒரு நாள் சாயந்திரம் புறப்படத் தாமதமாகிவிட்டது. 7:12-க்கு 104 சிவப்பாகி அணைந்தது. 7:14-க்கு மறுபடி. அதன் பிறகு இல்லை. ரெண்டே தடவை. அதனால் மணி அடிக்கவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அதிலிருந்து அவள் தினமும் ஏழரை வரை ஆபீசிலேயே உட்கார்ந்துவிடுவாள். கங்காதரனுக்கு உதறல். என்னைக் கூப்பிட்டார்.

"104-ஐ அழிச்சுடுங்க சார். அந்தப் பொண்ணு ஊட்டுக்கே போவ மாட்டேங்குது."

போனேன். கார்த்திகை மூன்றாம் தேதி, புதன்கிழமை. மாடி ஏறும்போது மணி 6:05. அவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். கயல்விழி மட்டும் இருந்தாள்.

"104-ஐ எடுக்கத்தான் வந்தீங்களா சார்?"

"மொதலாளி சொல்லிட்டாரு, கயலம்மா."

கயலம்மா என்று அவளைக் கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அவள் கயலு.

"இன்னைக்கு ஒரு நாள் உட்டுடுங்க சார். அவருக்கு அந்த ரூலு தெரியும். மூணாவதும் வந்துதுன்னா உயிரோட கீறாருன்னு அர்த்தம். ரெண்டோட நின்னுதுன்னா..."

இருபது நாளாக அதைத்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்றா, ரெண்டா. இருக்கிறானா, இல்லையா.

"சரி. இன்னைக்கு மட்டும்" என்றேன்.

கம்ப்யூட்டரில் பழைய அழைப்புகளைப் பார்த்தேன். எந்தக் கருவி அழைக்கிறது என்று அதில் விழும். முருகவேலின் செல். எந்த வழியாக வருகிறது என்றும் விழும். ஷெட்டில் இருந்த வைஃபை பெட்டி வழியாக.

டிராயரை இழுத்தேன். பெட்டி அங்கேதான் கிடந்தது. ஒயர் இல்லை. விளக்கு இல்லை. கையில் எடுத்தேன்.

ஈரம்.

பெட்டிக்கு அடியில் இருந்த பில் புத்தகம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேலே பார்த்தேன். கூரை ஒழுகவில்லை. காய்ந்து கிடந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. முப்பத்தாறு வருஷம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவன், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். எவனோ கடவுச்சொல்லைத் திருடி விளையாடுகிறான், பெட்டியின் பெயரையும் திருடியிருப்பான் என்று முடிவு கட்டினேன். எதிரில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது.

இரண்டாவது அழைப்பிலேயே மணி அடிக்கட்டும். அவள் எடுக்கட்டும். அந்தப் பக்கம் கரகரவென்று ஏதோ கேட்கும், இல்லை யாரோ இந்திக்காரன் பேசுவான். அவளுக்கு மனசு விட்டுப்போகும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள்.

பதினோரு வரியைத் திறந்தேன். ஏழாவது வரி. 3 என்பதை அழித்து 2 என்று போட்டேன். ஒரே ஓர் எழுத்து.

ஆனால் அவள் எண்ணுவாளே. ரெண்டாவதில் மணி அடித்தால் சந்தேகப்படுவாளே. அதற்கும் வழி கிடைத்தது. 7:07-க்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே தண்ணீர் பிடிக்கப் போனாள். 7:10-க்கு வந்தாள்.

"ஒண்ணு வந்துட்டுது, கயலம்மா. நீ கீழ போனப்ப."

குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு முன்னாடியேவா?"

"ஆங். ஏழு எட்டுக்கு."

முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன். அதில்தான் எனக்குப் பழக்கமாயிற்றே.

அவள் வந்து போனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஜன்னலில் மலை விளக்குகள் தெரிந்தன. சென்னை போகிற எலக்ட்ரிக் ட்ரெயின் ஊதியது. தெருவில் மாலை போட்ட சாமிகள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சத்தம் நின்றது. சட்டென்று நின்றது.

7:12.

104 சிவப்பானது. அணைந்தது.

"ரெண்டு" என்றாள் அவள். உதடு மட்டும்தான் அசைந்தது.

மேஜை டிராயருக்குள் ஏதோ சொட்டியது. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

7:13.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று மட்டும் வரவில்லை.

7:14.

மணி அடித்தது.

இத்தனை நாளில் ஆறரைக்கு மேல் அந்தப் போன் அடித்து நான் கேட்டதில்லை. அந்த மாடியில் அது அவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது...

"மூணு!" என்றாள். "சார், மூணு! மூணாவது!"

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அவள் எடுத்துவிட்டாள்.

"அலோ..."

ரிசீவருக்கும் எனக்கும் மூன்றடி. என் காது இன்னும் நன்றாகக் கேட்கும். கேட்காமல் இருந்திருக்கலாம்.

சொட்டு.

சொட்டு...

ஆழத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். கிணற்றுக்குள் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு ஒரு குரல்.

"கயல்விழி... வா."

முருகவேல் குரல்தான். ஆனால் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி...

"எங்க கீற? ... ஆங் ... ஷெட்டுக்குப் பின்னாலயா? ... ஆங் ... ஆங் ... வரேன்."

வைத்துவிட்டாள்.

"உயிரோட கீறாரு சார்!"

செருப்புகூடப் போடவில்லை. தடதடவென்று படி இறங்கி ஓடினாள். பொய் சொல்ல ஒரு நொடியில் திறந்த என் வாய், உண்மை சொல்லத் திறக்கவில்லை. அது பொய், இது ரெண்டாவதுதான் என்று ஒரு வரி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

7:16.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

101 சிவப்பு. 104 சிவப்பு.

ரிசீவர் அதன் இடத்தில் இருக்கிறது. அவள் வைத்ததை நான் பார்த்தேன். ஆனால் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது...

கை தானாகப் போனது. எடுத்துக் காதில் வைத்தேன்.

சொட்டு.

மூச்சு.

பிறகு மெதுவாக, ரொம்பப் பக்கத்தில்...

"ரெண்டுதான் ஆச்சு, போன் சார்."

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் அவள் இல்லை. ஆர்.கே.பேட்டை பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள் என்று பூக்கடைக்காரன் சொன்னான். அவள் செல்லுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. மத்தியானமே சார்ஜ் போய்விட்டது என்று அவள் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கங்காதரனுக்கு அடித்தேன். 7:19. முழுதாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

மறுபடி அடித்தேன். 7:20. எடுக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மணி ஏழைத் தாண்டிவிட்டது. மனுஷன் மூன்றாவது தடவைதான் எடுப்பார். நடுத்தெருவில் நின்று அந்த ரூலையும் அதை எழுதின கையையும் திட்டிக்கொண்டே மூன்றாவதாக அடித்தேன்.

7:21. "சொல்லுங்க சார்" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

அவர் கார் வந்து சேர 7:31. ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னேன். 3-ஐ 2 ஆக்கியதை. அவளிடம் சொன்ன பொய்யை.

"ரெண்டுலயே கதவைத் தொறந்து உட்டுட்டீங்களா, சார்?"

அதன் பிறகு அம்மையார்குப்பம் போய்ச் சேருகிற வரை, அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு வார்த்தைகூட. இதற்கு அவர் சாட்சி.

8:02. ஷெட் வாசலில் கார் நின்றது. சுற்றி வீடுகளில் தறி ஓடுகிற சத்தம். இந்த ஷெட்டில் மட்டும் இருட்டு. பின்பக்கம் ஓடினோம். அங்கே ஒரு பழைய பம்புசெட் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. மழையில் புல் இடுப்பு உயரம் வளர்ந்து, எது தரை எது கிணறு என்றே தெரியவில்லை.

கங்காதரன் டார்ச் அடித்தார்.

புல்லுக்கு நடுவில் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். கிணற்றுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து. அவளுக்குப் பின்னால் ஒரு சாண். அதற்குப் பின்னால் தரை இல்லை.

"கயலு!" என்று கத்தினது கங்காதரன்.

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க எங்கேர்ந்து சார் பேசினீங்க?"

"நானா?"

"போன் அடிச்சுது. ஆபீஸ் நம்பரு. மொத ரெண்டு தடவை எடுக்கல. அவரு உள்ளேர்ந்து கூப்டுகினே இருந்தாரு, நான் நடந்துகினே இருந்தேன். மூணாவது தடவை அடிச்சுது. எடுத்தேன். கயலம்மா, திரும்புன்னீங்க. திரும்பினேன் சார். திரும்பிட்டு காலைப் பார்த்தேன்..."

அவள் கையில் செல்போன் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினேன். ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடித்தேன்.

உயிரில்லை. சார்ஜ் துளி இல்லை.

கங்காதரன் டார்ச்சைக் கிணற்றுக்குள் திருப்பினார். தண்ணீருக்கு மேல் ஒரு பைக்கின் கைப்பிடி தெரிந்தது.

மறுநாள் காலை 9:20-க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. முதலில் பைக். பிறகு முருகவேல். மழை இருட்டில் குறுக்கே வந்திருக்கிறான், புல்லில் வழி தெரியாமல் வண்டியோடு உள்ளே போயிருக்கிறான். கால் முறிந்திருந்தது. உடனே உயிர் போயிருக்காது, படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருப்பான் என்றார் டாக்டர். வலது கையில் செல்போனை இறுக்கிப் பிடித்திருந்தான். விரலைப் பிரிக்க ரொம்ப நேரம் ஆனதாம்.

நான் ஆபீசுக்குப் போய், தீபாவளிக்கு மறுநாள் பதிவைத் திறந்தேன். ஏன் அதை முன்பே பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

7:12. 104-லிருந்து 101-க்கு.

7:14. 104-லிருந்து 101-க்கு.

அவ்வளவுதான். ரூல் தெரிந்தவன். ரெண்டு தடவை அழைத்துவிட்டு, மூன்றாவதற்குக் கையைத் தூக்கியிருப்பான். அந்த நேரத்தில் கங்காதரன் ஆபீசில்தான் இருந்தாராம். போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாராம். மணி அடிக்கவே இல்லை. என் பதினோரு வரி ஒரு பிழையில்லாமல் வேலை செய்திருக்கிறது.

அந்த வரிகளை அழித்துவிட்டேன். 104-ஐயும் அழித்துவிட்டேன். கங்காதரன் இப்போது எந்நேரம் ஆனாலும் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறார். தப்பான எண் என்றால்கூட ரெண்டு நிமிஷம் விசாரிக்கிறார்.

கயல்விழி காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

"போன்ல கேட்டது அவரு குரல்தான் சார். ஆனா அவரு ஒரு நாளும் என்னைக் கயல்விழின்னு கூப்பிட்டதில்ல. ஏமேதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'ஏமே'ன்னுதான் கூப்டுவாரு."

அப்படியானால் வா என்று கூப்பிட்டது யார்? எனக்குத் தெரியாது. நான் சொன்ன அந்தப் பொய்யை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ரெண்டு தடவை சொல்லப் போய், திரும்பி வந்துவிட்டேன். இதை அவள் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்தப் புதன்கிழமைப் பதிவில், 7:14-க்குக் கீழே மூன்று வரி கூடுதலாக இருந்தது.

7:51. 104-லிருந்து கயல்விழியின் செல்லுக்கு. எடுக்கவில்லை.

7:53. எடுக்கவில்லை.

7:55. எடுத்தாள். பேச்சு இருபத்து மூன்று நொடி.

104-லிருந்து வெளியே பேச வழியே இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவள் செல்லில் சார்ஜ் இல்லை என்றும் சொன்னேன். 7:55-க்கு நான் காரில், கங்காதரன் பக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சைப் பதிவு செய்யும் என்றும் சொன்னேன். போட்டுக் கேட்டேன்.

முதலில் அவள் குரல். "அலோ..."

பிறகு என் குரல். புடவைக்கு ஒன்றை அழுத்தச் சொல்கிற அதே குரல். ஆனால் அதில் நான் ஒருபோதும் பேசாத வார்த்தைகள்.

"கயலம்மா, திரும்பு."

"கயலம்மா, திரும்பு."

"கயலம்மா... திரும்பு."

முருகவேல் தன் குரலில் கூப்பிட்டிருந்தால், அவள் இன்னும் ஓர் அடி முன்னால் வைத்திருப்பாள். அதனால் மேஜைக்கடியில் இருந்த ஒரே குரலை எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். சட்டப்படி சரிதான்.

அதோடு பதிவு முடிந்தது என்று நினைத்து அணைக்கப் போனேன். இன்னும் நாலு நொடி மிச்சம் இருந்தது.

மூச்சு.

சொட்டு.

பிறகு மெதுவாக, ரொம்பப் பக்கத்தில்... என் குரலில் அல்ல, முருகவேல் குரலில்...

"இப்ப மூணு, போன் சார்."